தக்காளிக் கறை

எங்கள் கைக்கு வீட்டுச் சாவி வர இன்னும் அறுபத்தாறு மணி நேரம் இருந்தது. கணக்குப் போட்டது நான் இல்லை. உதவிக்குழு அலுவலக வாசலில் ஒரு கரும்பலகையை வைத்து, காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, செயலாளர் தன் கையாலேயே அழித்து எழுதிக்கொண்டிருந்தார். 'பண்ணைத் தொழிலாளர் குடியிருப்பு, முதல் வீடு திறப்பு: இன்னும் 66 மணி நேரம்.'

மொத்தம் பன்னிரண்டு வீடுகள். ஒன்று கட்டி முடிந்துவிட்டது. மற்ற பதினொன்றுக்கும் கல் நட்டாகிவிட்டது. கல்லில் நன்கொடையாளர்களின் பெயர் வெட்டியாகிவிட்டது. பெயருக்கு உரியவர்கள் வந்து, எழுத்தைத் தடவிப் பார்த்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டும் போய்விட்டார்கள். வீடு மட்டும்தான் பாக்கி.

"உள்ள வாம்மா. ஏன் கதவுகிட்டயே நிக்கிற? இதை உன் ஆபீஸ் மாதிரி நினைச்சுக்கோ," என்றார் செயலாளர்.

என் ஆபீஸாக இருந்திருந்தால் உட்கார ஒரு நாற்காலியாவது இருந்திருக்கும். எல்லா நாற்காலிகளிலும் நினைவுக் கேடயங்கள் உட்கார்ந்திருந்தன. நான் சுவரோரமாக நகர்ந்தேன். அந்தச் சுவரில் ஏற்கெனவே நான் இருந்தேன், ஆளுயரத்தில், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு. காலடியில் 'தோட்டத்திலிருந்து ஆய்வகத்துக்கு' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

அந்தக் கோட்டு, போட்டோ ஸ்டூடியோவுக்குப் பக்கத்துக் கடையில் இருந்த பல் மருத்துவருடையது. சட்டைப்பைக்கு மேல் அவருடைய பெயரைத் தைத்திருந்தார்கள். அது தெரியக்கூடாது என்பதற்காக வலது கையை நெஞ்சில் வைத்து மறைக்கச் சொன்னார் படம் எடுத்தவர். பார்ப்பவர்களுக்கு நன்றியுணர்ச்சி மாதிரி இருக்கும். குழுவின் ஆண்டறிக்கையிலும் 'நன்றியோடு நிற்கும் மாணவி' என்றுதான் போட்டிருந்தார்கள்.

"பேச்சு மனப்பாடம் ஆயிடுச்சா?"

"ம்."

"சொல்லு பாப்போம்."

பேச்சை எழுதியவர் அவர்தான். சேற்றில் மலர்ந்த தாமரை நான் என்று தொடங்கும். எனக்கு நாலு பேர் எதிரில் நின்றாலே தொண்டை வறண்டுவிடும். அவர் ஒருவர்தான் இருந்தார் என்பதால் பாதி வறண்டது. முழுவதையும் சொல்லி முடித்தேன்.

"எல்லாம் சரி. தாமரையை மட்டும் கொஞ்சம் சத்தமா சொல்லணும். கடைசி வரிசைக்குக் கேக்கணும் இல்லையா?" என்றார். பிறகு கேடயம் ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டே, "அன்னிக்கு உங்கப்பா தோட்டத்துலேர்ந்து நேரா விழாவுக்கு வரட்டும். சட்டையில கொஞ்சம் மண்ணு இருந்தா தேவலை. ரொம்ப வேணாம், அளவா," என்றார்.

"அப்பா இப்ப..."

"கூச்சப்படுவார், அதானே? எல்லாருக்கும் இருக்கறதுதான். நான் பாத்துக்கறேன்."

என் வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான். நான் தொடங்குவேன், வேறு யாராவது முடித்துவைப்பார்கள். குழுவின் பணத்தில் படித்து முடித்து, மண் பரிசோதனை ஆய்வகம் ஒன்றில் வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சென்ற ஆண்டு இவரிடம் சொன்னேன். ஆய்வகம் என்கிற இடத்திலேயே அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். விண்ணப்பித்தது ஆண்டறிக்கையில் பணியாற்றுவதாக ஆயிற்று, பணியாற்றுவது சுவரொட்டியாயிற்று. இரண்டு வருட அனுபவம் இல்லை என்று ஆய்வகம் என்னைத் திருப்பி அனுப்பியதைச் சொல்ல நானும் வாய் திறக்கவில்லை. அச்சடித்த பிறகு மறுப்பது மரியாதையாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சத்தை மரியாதை என்று கூப்பிட்டால் அதுவும் திரும்பிப் பார்க்கிறது.

நான் வேலை செய்த இடம் தக்காளித் தோட்டம். அப்பாவின் எண்ணில்.

ஆறு மாதத்துக்கு முன்னால், லாரியில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றும்போது பலகை நழுவி அப்பா கீழே விழுந்தார். இடுப்பில் அடி. இனிமேல் குனியக்கூடாது, எடை தூக்கக்கூடாது என்றார் மருத்துவர். பண்ணையில் அந்த இரண்டையும் தவிர வேறு வேலை இருப்பதாக அவர் நினைத்திருக்க வேண்டும்.

நாங்கள் இருந்தது பண்ணையின் வரிசை அறைகளில் ஒன்று. ஓர் எண் வேலைக்கு வரும்வரை அந்த எண்ணுக்கு அறை உண்டு. எண் வராவிட்டால் ஒரு வாரத்தில் சாமான்கள் வெளியே வந்துவிடும். அப்பாவின் எண் நாற்பத்தொன்று. விழுந்த மறுநாள் காலை அப்பாவின் முழுக்கைச் சட்டையையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு நான் போய் வரிசையில் நின்றேன். மேஸ்திரி என்னை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் வானத்தைப் பார்த்தார்.

"நாப்பத்தொண்ணு வந்தாச்சா?"

"வந்தாச்சு மேஸ்திரி," என்றாள் எனக்குப் பக்கத்து வரிசையில் பறிக்கும் அக்கா. "கொஞ்சம் இளைச்சுப் போயிருக்கு, அவ்வளவுதான்."

அவளை எல்லோரும் ரேடியோ அக்கா என்பார்கள். அணைப்பதற்கு வழி இல்லாத ரேடியோ. அன்றிலிருந்து எனக்கு 'லேபு' என்று பெயர். "லேபு, உன் பக்கம் பழம் அழுகுது பாரு, ஆராய்ச்சி அப்புறம் பண்ணிக்கலாம்." தோட்டத்தில் ஐம்பது பேருக்கு நான் யார் என்று தெரியும். உதவிக்குழுவில் ஒருவருக்கும் தெரியாது. குழுவுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு சாலைதான் இருந்தது. ஆனால் குழுவினர் தோட்டத்துக்கு வரும்போது முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வருவார்கள், படம் எடுப்பவரோடு.

வீட்டுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பணம் கொடுத்த அம்மையார் வைத்தது. அவர் முன்பு வேறோர் ஊரில் பண்ணைத் தொழிலாளர்களுக்கு ஆறு வீடுகள் கட்டிக்கொடுத்தாராம். இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒன்றில் சைக்கிள் கடை, ஒன்றில் உரக்கிடங்கு, மற்ற நான்கிலும் அந்த ஊர்க் குழு உறுப்பினர்களின் மச்சான்கள். அதனால் இந்த முறை, வீட்டில் ஒருவராவது இன்றைய தேதியில் தோட்டத்தில் வேலை செய்பவராக இருக்க வேண்டும், நானே நேரில் வந்து பார்த்துத்தான் சாவி கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வாசல் நிலைக்கு மேல் அதைக் கல்லிலேயே வெட்டியிருந்தார்கள்: 'மண்ணைத் தொடும் கைகளுக்கே.'

அம்மா பண்ணைக் கொட்டகையில் தக்காளி தரம் பிரிக்கிறாள். காலை முதல் மாலை வரை நின்றபடி. குழு அதை ஏற்கவில்லை. கொட்டகைக்குக் கூரை இருக்கிறது. கூரைக்குக் கீழே நடப்பது தொழிற்சாலை வேலை, விவசாயம் இல்லை என்றார் பொருளாளர்.

பொருளாளர்தான் எங்களுக்குச் சிக்கன வகுப்பும் எடுத்தார். வீட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தால் வாரம் ஒருநாள் வந்தே தீர வேண்டும். அன்று மாலையும் வகுப்பு இருந்தது. அம்மாவோடு நானும் போனேன். பன்னிரண்டு குடும்பங்களின் பெண்கள், கொட்டகையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் நேராக வந்து, தூங்காமல் இருப்பதற்காக ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தினமும் நீங்க குடிக்கிற டீயில ஒரு டீயைத் தவிர்த்துட்டா," என்று பொருளாளர் பலகையில் எழுதத் தொடங்கினார், "பத்து வருஷத்துல..."

"சார், நாங்க எதையெல்லாம் தவிர்க்கலைன்னு கேளுங்க," என்றாள் ரேடியோ அக்கா. "சட்டுனு முடிஞ்சிடும். நீங்களும் நேரத்தோட வீட்டுக்குப் போலாம்."

பொருளாளர் சிரித்தார். அவர் நல்ல மனிதர். பல வருடம் வங்கியில் இருந்தவர். பணம் என்பது ஏற்கெனவே இருப்பது, அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி என்று மனதார நம்பினார்.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் ரேடியோ அக்கா என் தோளில் இடித்தாள். "மேஸ்திரி சொன்னாரா? இந்தப் பறிப்பு முடிஞ்சதும் முதலாளி வந்து ஆளை நிக்கவெச்சு எண்ணப் போறாராம். நாப்பத்தொண்ணு ஆம்பளைன்னு அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கும்."

"சொன்னார்க்கா."

"அப்ப அந்த வீட்டை விட்டுடாதீங்க. இல்லைன்னா அந்தப் பதினோரு கல்லுல ஒண்ணு மேல ஏறி உக்காந்துக்கணும்."

அம்மா வேகமாக நடந்தாள். அவளுக்கும் தெரியும். இந்தச் சாவி கிடைக்காவிட்டால் பறிப்பு முடிகிற அன்று எங்களுக்குப் போக இடம் கிடையாது.

அறைக்கு வந்தால் அப்பா பயிற்சி செய்துகொண்டிருந்தார். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் இருந்த இடத்தில், ஒரு காலிப் பெட்டியைத் தரையில் வைத்து, அதற்கு முன்னால் காலை அகட்டி நின்றுகொண்டு, குனிவதா வேண்டாமா என்று யோசித்தபடி. தங்கை கட்டிலில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தின் விளிம்புக்கு மேலாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இது?" என்றாள் அம்மா.

"விழாவுல ஒரு போட்டோ எடுப்பாங்க. நான் ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டினாப் போதும். ஒரு நிமிஷ வேலை."

"அந்த ஒரு நிமிஷத்துக்கு மறுபடியும் ஆறு மாசம் படுப்பீங்க. என்னால முடியாது. பேசாம உண்மையைச் சொல்லிடலாம். இவ பறிக்கிறா. நிபந்தனைக்கு அது போதும்."

"போதும்தான்," என்றார் அப்பா. "போஸ்டர்ல இருக்கிற பொண்ணு கூடை தூக்குதுன்னு ஊர் முன்னாடி சொல்லிட்டு நான் என் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?"

"இப்ப இருக்கற இடத்துலயே வெச்சுக்குங்கப்பா. நல்லாத்தான் இருக்கு," என்றாள் தங்கை.

அப்பா அவளை அடிக்கக் கை ஓங்கப் பார்த்தார். இடுப்பு விடவில்லை.

"நீ சிரிக்கிற," என்றார் மூச்சு வாங்கியபடி. "அடுத்த வருஷம் உனக்கு ஹாஸ்டல் பணம் யார் தரப் போறா? குழுக்காரங்கதானே? எதை நம்பித் தர்றாங்க? அந்தப் போஸ்டரைத்தானே. படிச்ச பொண்ணு திரும்பவும் இங்கேயே வந்து நிக்குதுன்னு தெரிஞ்சா, அப்புறம் எந்தப் பொண்ணுக்குத் தருவாங்க?"

தங்கை புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். நான் காலிப் பெட்டியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். உண்மையைச் சொன்னால் வீடு வரும், தங்கையின் படிப்பு போகும். சொல்லாமல் அப்பா பெட்டியைத் தூக்கினால் படிப்பு வரும், வீடும் வரும், அப்பா போய்விடுவார். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் 'ம்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

விழா நாள் காலையிலும் நாற்பத்தொன்று வேலைக்கு வந்தாக வேண்டும். விடியும் முன்பே போய், வெயில் ஏறும்வரை பறித்தேன்.

தக்காளி பறிக்காதவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. பழம் சிவப்பு, ஆனால் கை சிவக்காது. செடியின் தண்டிலும் இலையிலும் மெல்லிய பிசின் இருக்கிறது. முதலில் மஞ்சளாக ஒட்டும், பிறகு பச்சை, கடைசியில் தார் மாதிரி கறுப்பு. சோப்புப் போட்டால் நுரை பச்சையாக வழியும், துண்டு மஞ்சளாகும், கறுப்பு மட்டும் அப்படியே இருக்கும். அதனால் தோட்டத்தில் யாரும் முதலில் சோப்பைத் தொடுவதில்லை. அழுகலுக்குக் கழித்த பழம் ஒன்றை எடுத்து, கையிலேயே நசுக்கி, விரல் விரலாகத் தேய்த்துக்கொள்வார்கள். பழத்தின் புளிப்பு பிசினை இளக்கிவிடும். அப்புறம்தான் தண்ணீர். வேலை முடிந்ததும் ஐம்பது பேர் வாய்க்கால் ஓரத்தில் நின்று ஆளுக்கொரு தக்காளியை நசுக்குவதைப் பார்த்தால் ஏதோ பழிவாங்கல் மாதிரி இருக்கும்.

நானும் நசுக்கினேன். இரண்டு பழம். நகத்தின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்?

முதல் வீடு அழகாகத்தான் இருந்தது. இரண்டு அறை, ஒரு ஜன்னல், வாசலில் சிவப்பு நாடா. பின்பக்கம் கை கழுவ ஒரு தொட்டியும் பளபளக்கும் குழாயும். குழாய்க்கு இன்னும் இணைப்பு வரவில்லை. அதனால் கூரைமேல் ஒரு பீப்பாயை வைத்து, காலையில் இரண்டு பேர் வாளி வாளியாகத் தூக்கி நிரப்பியிருந்தார்கள். வாசலுக்கு இடப்பக்கம் நான், வெள்ளைக் கோட்டில். வலப்பக்கமும் நான்.

அப்பா சலவைச் சட்டையில் வந்திருந்தார். செயலாளர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு தானே ஒரு பிடி மண் எடுத்து அப்பாவின் தோள்பட்டையில் லேசாகத் தடவினார். அப்பா, ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தம்மா வர்றாங்க, நன்கொடையம்மா," என்றாள் ரேடியோ அக்கா. மேஸ்திரியிடம் அரை நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு தோட்டமே வந்திருந்தது. விழாவில் தேநீர் இலவசம் என்று சொல்லியிருந்தார்கள்.

நன்கொடையம்மா நான் நினைத்த மாதிரி இல்லை. குள்ளமாக, வேகமாக நடப்பவராக இருந்தார். வெள்ளை உடை. மாலையைக் கழுத்தில் வாங்காமல் கையில் வாங்கினார். செயலாளர் பேச வாயெடுக்கும் முன்பே, "முதல்ல தோட்டத்தைப் பாக்கலாம்," என்றார்.

நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. அப்படியும் எல்லோரும் சாலையைக் கடந்தோம். அவர் நேராகச் செடிகளுக்கு நடுவில் புகுந்து பறிக்கத் தொடங்கினார். கையுறை கொடுத்தார்கள்.

"அவங்கள்லாம் போட்டுட்டா பறிக்கிறாங்க?" என்று மறுத்துவிட்டார்.

எங்களுக்கும் கையுறை வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை யாரும் அப்போது சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் கூடை நிறைந்தது. காய், பழம், இலை எல்லாம் அதில் இருந்தன. படம் எடுப்பவர் முட்டி போட்டு, படுத்து, கூடையையும் அம்மையாரையும் எடுத்துத் தள்ளினார். மேஸ்திரி கூடைக்குள் எட்டிப் பார்த்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

திரும்பி வந்து பின்பக்கத் தொட்டியில் அவர் கை கழுவியபோதுதான் கூச்சல் எழுந்தது. புதுச் சோப்பு பச்சையாக நுரைத்தது. பூ வேலை செய்த வெள்ளைத் துண்டு மஞ்சளாயிற்று. கை கறுப்பாகவே இருந்தது.

"மருந்து! பூச்சி மருந்து!" என்றார் செயலாளர். "யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க. மேஸ்திரி எங்க? என்ன மருந்து அடிச்சீங்க?"

பொருளாளர் செல்போனை எடுத்தார். யாரோ பாலைக் குடிக்கக் கொடுக்கலாம் என்றார். நன்கொடையம்மா தன் கைகளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, வெளுத்துப்போய் நின்றார். கூரையில் பீப்பாய்த் தண்ணீர் வேறு முடிந்துவிட்டது. குழாய் இருமியது.

நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் நின்ற இடத்திலேயே நின்றிருப்பேன். அவர் பறித்த கூடையிலிருந்து நன்றாகப் பழுத்த ஒன்றை எடுத்து, அவருடைய உள்ளங்கையில் வைத்து நசுக்கி, என் இரண்டு கைகளாலும் தேய்த்தேன். கட்டைவிரல், விரலிடுக்கு, நகக்கண். பிறகு இன்னொரு பழம். தங்கை எங்கிருந்தோ ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். கறுப்பு கரைந்து போயிற்று.

தோட்டத்து ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். ரேடியோகூட நின்றுவிட்டது.

"அட," என்றார் நன்கொடையம்மா, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. "இதை எங்கம்மா கத்துக்கிட்ட?"

"கெமிஸ்ட்ரி, மேடம்," என்றார் செயலாளர் உடனே. அவருக்கு முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "போஸ்டர்ல இருக்கிற பொண்ணு இவதான். ஆசிட் சயின்ஸ். லேப்ல எல்லாம் இப்படித்தான் பண்ணுவாங்க."

"லேப்ல தக்காளியா?"

"நவீன லேப், மேடம்."

நன்கொடையம்மா என் கையை விடவில்லை. என் நகத்தின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கே மிச்சமிருந்தது இரண்டு பழத்தில் போகிற கறுப்பு இல்லை. பிறகு என்னை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "இந்த வீட்டுக்காரர் யாரு? தோட்டத்துல வேலை செய்யறவர்?"

"நான்தாங்க," என்று அப்பா முன்னால் வந்தார். நிமிர்ந்து நடக்க அவர் பட்ட பாடு எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும்.

"உங்க கையைக் காட்டுங்க."

அப்பா காட்டினார். ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்த கை. காய்ப்பு எல்லாம் உரிந்து, பொருளாளரின் கையைவிட மிருதுவாக, சுத்தமாக இருந்தது.

"பத்து நிமிஷத்துல என் கை எப்படி ஆச்சுன்னு இப்பத்தான் பாத்தேன்," என்றார் நன்கொடையம்மா. குரலில் கோபம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பெரிய களைப்பு இருந்தது. "உங்க கையில பொட்டு கறுப்பு இல்லையே?"

"நல்லாக் கழுவிட்டேங்க."

"நகத்துலகூடவா?"

அப்பா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். செயலாளர் தடவிய மண் அவருடைய தோளிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"ரொம்ப சுத்தக்காரர், மேடம்," என்றார் செயலாளர்.

"போன தடவையும் எல்லாரும் சுத்தமாத்தான் இருந்தாங்க." அவர் கைப்பையைத் திறந்து, வெளியே எடுத்து வைத்திருந்த சாவியை உள்ளே போட்டார். சிவப்பு நாடா கட்டிய சாவி. "இன்னிக்கு வேண்டாம். உண்மையாத் தோட்டத்துல பறிக்கிற குடும்பம் ஏதாவது இருந்தா சொல்லி அனுப்புங்க, வரேன்."

பையின் பொத்தான் 'டக்' என்று மூடிக்கொண்டது.

செயலாளர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மேடைப் பக்கம் இழுத்தார். "போ, போ. உன் பேச்சைப் பேசு. கொஞ்சம் உருக்கமா. தாமரையைச் சொன்னா மேடம் மனசு மாறிடுவாங்க. இருநூறு நாற்காலி வாடகைக்கு எடுத்திருக்கோம்மா."

நான்கு படி ஏறினால் மேடை. மைக் என் உயரத்துக்கு மேலே இருந்தது. ஒருவர் ஓடிவந்து இறக்கிவைத்தார். எதிரே இருநூறு நாற்காலிகள், அதில் தோட்டம் முழுவதும். கையில் தேநீர்க் கோப்பையோடு ரேடியோ அக்கா. நன்கொடையம்மா போகாமல், காருக்கும் மேடைக்கும் நடுவில், மரியாதைக்காக நின்றார். இரண்டு பக்கமும் வெள்ளைக் கோட்டில் நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தேன்.

அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். தங்கை கையில் இன்னும் அந்தக் காலிச் செம்பு இருந்தது. அவள் என்னைப் பார்த்து, பெட்டி தூக்குகிற மாதிரி ஒரு முறை குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பிறகு தோளைக் குலுக்கினாள். ஹாஸ்டல் பணம் கிடக்கட்டும் என்று அதற்குப் பொருள். அவள் பேச்சில்கூட அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

தொண்டை வறண்டிருந்தது. செயலாளர் கீழேயிருந்து வாயசைத்துக்கொடுத்தார். சேற்றில். மலர்ந்த.

"நான் தாமரை இல்லைங்க," என்றேன். மைக் அதைப் பெரிதாக்கிக் கடைசி வரிசை வரை கொண்டுபோயிற்று. என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. செயலாளர் வாக்கியத்தை முடித்துவைக்க வாய் திறந்தார். அவரிடம் மைக் இல்லை.

"லேப்ல வேலை செய்யலை. அந்தக் கோட்டு பல் டாக்டரோடது. அப்பா லாரியிலேர்ந்து விழுந்து ஆறு மாசமாச்சு. அவரால குனிய முடியாது." நன்கொடையம்மா திரும்பினார். "நாப்பத்தொண்ணாம் நம்பர்ல தக்காளி பறிக்கிறது நான்தான்."